வெறுங்கால் மதில்

பெயருக்கும் பெயர் தாங்கியவருக்கும் பொருத்தம் அமைவது அரிது. வெற்றிவேல் என்று பெயர் பெற்றோர் பலர் தோற்றுக்கொண்டே வாழ்நாளைக் கழிப்பதை நாம் காண்கிறோம். ஆயினும் வங்கநாட்டிலே ஒருவருக்கு அப்பொருத்தம் வியக்கத்தக்க வகையில் வாய்த்தது. கோஷ்டம் என்பது வடமொழியிலே ஆநிரை அடையும் தொழுவைக் குறிக்கும். பால் என்பதோ காப்பவன் என்னும் பொருளது. நம் கோயில் வாயிலில் நிற்கும் துவாரபாலகர் பெயரிலும் அச்சொல்லே உறைகின்றது. ஆகவே கோஷ்ட பால் என்னும் பெயரை எங்கள் வன்னித் தமிழிற் சொல்லப் புகுந்தால், பட்டிக் காவலன் என்றே சொல்லவேண்டும். இப்பெயரினர் ஆநிரை காக்கவில்லை. உதைபந்தாட்டத்திலே பின்னணி வீரராய் நின்று, தம் அணியின் கோல் வாயிலை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்தார்.

பந்தாட்டத்தைப் பற்றித் தமிழாசிரியன் எழுதுவதா என்று புருவம் நெரிப்பார் சிலர் இருத்தல் கூடும். அவர்க்கு யான் கூறும் விடை இது: அரணை முற்றுகையிடுவோன் உழிஞை சூடுவான்; அரணுள் நின்று காப்போன் நொச்சி சூடுவான். தொல்காப்பியர் காத்தலையும் உழிஞையின் உள்ளேயே அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியரோ நொச்சியைத் தனித் திணையாகவே பிரித்தார். இதிற் பழைமையே சிறந்ததென்று வாதிடும் புலவர் உளர். என் மனம் பின்னவர் பக்கமே சாய்கின்றது. முற்றுவோன் உள்ளத்தில் நிகழ்வது வேறு, காப்போன் உள்ளத்தில் நிகழ்வது வேறு. கோஷ்ட பால் நொச்சித் திணைக்குரிய மாந்தர். அத்திணைக்கு இக்காலத்தில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்று மாணவர் கேட்டால் அவரையே யான் சுட்டுவேன்.

முரட்டுத் தடுப்பாட்டக்காரர் என்றவுடன் உதைபந்தாட்ட வரலாறு கற்றோர் இங்கிலாந்தையே நினைப்பர். அது தவறன்று. ஆட்டத்தின் சட்டங்களை எழுதியவர்கள் அந்நாட்டவர். அச்சட்டங்களின் விளிம்பு எதுவென்று உடம்பினாலே அளந்து பார்த்தவர்களும் அந்நாட்டவரே. செபீல்ட் நகரத்தை அடுத்த ஊரிற் பிறந்த பிராங்க் பார்சன் கொல்லுலைத் தொழிலாளி. அஸ்தன் வில்லா அணியில் நின்று 1920இல் இங்கிலாந்துக் கிண்ணத்தை வென்றார். எதிராளியை மோதுவதிலே அவர் இரக்கம் காட்டியதில்லை. 1928இல் திடலிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல மாதங்கள் ஆடலாகாதென விலக்கவும் பட்டார். அவருக்குப் பின் வந்த வில்வ் கொப்பிங் நிலக்கரிச் சுரங்கத்திலே உழைத்தவர். ஆட்ட நாளன்று முகம் மழிக்காமலே திடலுக்கு வருவார். முள் நிறைந்த அம்முகத்தைக் கண்டு எதிரணியினர் அஞ்சுவராம். 1934இல் உலகக் கிண்ணத்தை வென்ற இத்தாலியர் அதே ஆண்டு நவம்பரில் இலண்டன் வந்து ஆடியபோது, இங்கிலாந்து அணியில் நின்று அவர்களை உடம்பாலே தடுத்தவருள் அவர் முதன்மையானவர். இங்கிலாந்து மூன்றுக்கு இரண்டென்று வென்ற அந்த ஆட்டத்தை ஆங்கிலேயர் இன்றும் போர் என்றே குறிப்பிடுவர்.

அக்காலச் சட்டம் இன்றைய சட்டம் போன்றதன்று. தோளோடு தோள் முட்டி ஒருவனை விலக்குவது நேர்மையான ஆட்டமாகவே கொள்ளப்பட்டது. பந்தைக் கையிற் பிடித்திருக்கும் கோல் காப்பாளனையும் முட்டலாம். தடித்த தோற் சப்பாத்தும், அதன் அடியிலே அறைந்த குமிழ்களும், காலின் முன்னெலும்பைக் காக்கும் தட்டுமாக வீரர் திடலில் இறங்குவர். இருபுறமும் ஒத்த கருவி உடையோர் மோதும்போது வன்மைக்கு வன்மை ஈடாகிவிடும். பார்சனையும் கொப்பிங்கையும் யான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அதே சப்பாத்துக் கால்களுக்கு எதிரே வெறுங்காலோடு நிற்கவேண்டிய ஒருவன் கொண்டிருக்கவேண்டிய வன்மை எத்தன்மையது என்ற வினா எழுகிறதன்றோ? அதற்கு விடை தேடியே கல்கத்தாவுக்குச் செல்லவேண்டியிருக்கிறது.

கோஷ்ட பால் 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 20ஆம் நாள் கீழைவங்கத்துப் பரீத்பூர் மாவட்டத்துப் போஜேசுவரம் என்னும் ஊரிற் பிறந்தார். பத்மை ஆறு பாயும் நாடு அது. இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்தது. இளமையிலேயே கல்கத்தா வந்த அவர் வளர்ந்த இடம் குமார்துலி. குயவர் சேரி அது. துர்க்கை பூசைக்குரிய களிமண் திருவுருவங்களை இன்றளவும் அங்குதான் வனைகின்றனர். அம்மண்ணிலே வெறுங்காலோடு பந்துதைத்துப் பழகிய சிறுவன், பதினாறு வயதளவில் மோகன் பகான் கழகத்தில் இடம்பெற்றான்.

அக்கழகத்தின் பெயர் அந்நாளில் வங்கமெங்கும் மந்திரம்போல் ஒலித்தது. காரணம், 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் நிகழ்ந்த நிகழ்ச்சி. இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்துக்கான இறுதியாட்டத்திலே, சிவதாஸ் பாதுரியின் தலைமையில் ஆடிய மோகன் பகான், ஆங்கிலப் படையினரான ஈஸ்ட் யோர்க்ஷயர் அணியை இரண்டுக்கு ஒன்றென்று வென்றது. வென்ற பதினொருவருள் சப்பாத்தணிந்தவர் ஒருவரே. ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். வங்கப் பிரிவினையின் சினம் ஆறாதிருந்த காலமாதலால், அவ்வெற்றியைக் கேடய வெற்றி என்று மட்டும் மக்கள் கொள்ளவில்லை. ஆளவந்தவனைத் திடலில் வெல்லலாமெனின் வேறிடத்திலும் வெல்லலாம் என்று எண்ணத் தலைப்பட்டனர். அவ்வெற்றி வீரர் ஒருவர்பின் ஒருவராய் விலகிச்செல்லும் வேளையிலே இளைஞர் கோஷ்ட பால் உள்ளே வந்தார். தந்தை பெரும்புகழ் ஈட்டிய வீட்டிற் பிறந்த மைந்தனின் இடர்ப்பாடு அவருக்கு நேர்ந்தது என்று சொல்லலாம்.

வெளியே நின்ற இடரோ அதனினும் பெரிது. 1893இல் தோன்றிய இந்திய உதைபந்தாட்டச் சங்கம் பெயரளவிலேதான் இந்தியருடையது. ஆட்சி ஆங்கிலேயர் கையில். கல்கத்தா லீக்கின் முதற்பிரிவிலே மோகன் பகானுக்கு 1915இற்றான் இடம் கிடைத்தது. அப்பிரிவிலே இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் ஆடலாகாதென்ற விதியும் நெடுங்காலம் இருந்தது. கிழக்கு வங்கத்தார் 1920இல் தமக்கெனத் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கழகம் மேலெழுந்து வந்து வழக்காடிய பின்னரே, 1925 அளவில் அந்த வேலி அகன்றது. ஆட்டத்தை நடத்தும் மத்தியஸ்தரும் பெரும்பாலும் வெள்ளையரே. இத்தகைய களத்திலே ஓர் இந்தியன் ஆங்கிலச் சிப்பாய் ஒருவனை முரட்டுத்தனமாய் வீழ்த்தினால், அது விளையாட்டுக் குற்றத்தோடு நின்றுவிடாது. பார்சன் சினம் கொள்ளலாம், தண்டனை பெறலாம், மறுபருவம் மீண்டு வரலாம். கோஷ்ட பாலுக்குச் சினம் கொள்ளும் உரிமை இல்லை. அவர் உடல் வன்மையை எல்லாரும் பேசுவர். அவ்வன்மையைக் கட்டிவைத்த அடக்கத்தையே யான் பெரிதாக மதிக்கின்றேன்.

வெறுங்கால் ஆட்டம் என்பதை நூலில் மட்டும் படித்தோர்க்கு அதன் நுட்பம் எளிதில் விளங்காது. எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கு அது விளங்கும். காலபோக அறுவடை முடிந்த வயலில், அரிதாள் குத்தும் தரையிலே, மாலைப்பொழுதிற் பந்தடிக்கும் சிறுவரைப் பாருங்கள். காய்ந்த நிலத்தில் வெறுங்கால் ஒரு குறைபாடன்று. விரல்கள் பந்தைத் தொட்டறியும். திரும்புவதும் விரைவதும் எளிது. அதே நிலத்தில் ஒரு மழை பெய்துவிட்டாற் கதை மாறிவிடும். களிமண் குழைந்து, பாதம் பற்றுக்கோடின்றி வழுக்கும். நனைந்து கனத்த தோற்பந்து கல்லாகிவிடும். நமக்கு மாரி மழை கார்த்திகை, மார்கழியில். கல்கத்தாவுக்கோ ஆனியிலும் ஆடியிலும் ஆவணியிலும் பெருமழை. அங்கு உதைபந்தாட்டப் பருவமும் அம்மாதங்களே. ஆண்டுதோறும் வெறுங்காலினர் ஏறுமுகமாய்த் தொடங்குவர்; வானம் திறந்ததும் சப்பாத்துக்காரர் எழுவர். ஆங்கிலேயருக்கு மழையும் ஒரு படையணி போலாயிற்று.

முன்னணியில் ஆடுவோன் வழுக்கினால் ஒரு வாய்ப்புத்தான் போகும். பின்னணியில் நிற்போன் வழுக்கினால் கோட்டையே வீழும். அக்கால அமைப்பிலே பின்னணி வீரர் இருவரே. அவர்க்குமுன் இடையணியினர் மூவர். அதற்குமுன் ஐவர் தாக்குவோர். எதிரணியிலும் ஐவர் பாய்ந்து வருவராதலால், இருவர் ஐவரை எதிர்கொள்ளவேண்டும். அவ்விருவர்க்குத் துணையாய் நின்றது புறநிலைச் சட்டம் ஒன்றே. பந்தை முன்னே பெறுபவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிராளிகள் மூவர் இருக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. தேர்ந்த பின்னணி வீரன் ஓரடி முன்வைத்தே தாக்குவோரைச் சட்டத்தின் வலையிற் சிக்கவைப்பான். 1925இல் மூவர் என்பது இருவர் ஆயிற்று. உலகெங்கும் கோல்கள் மழையாய்ப் பொழிந்தன. பின்னணி வீரர் பலர் வழக்கொழிந்தனர். கோஷ்ட பாலுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவரோ அதன்பின்னும் பத்தாண்டு ஆடினார். காப்பியம் பாடிய நாவலன் யாப்பிலக்கணம் நடுவழியில் மாறிய பின்னும் பிழையின்றிப் பாடி முடித்தது போன்றது இது. அவர் வாழ்வில் எனக்கு மிகு வியப்பைத் தருவதும் இதுவே. ஆனால் அவரைப் புகழ்வோர் இதனை அரிதாகவே எடுத்துரைப்பர்.

சப்பாத்துக் காலோடு வெறுங்கால் நேரே மோதினால் முறிவது எது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆகவே வெறுங்கால் காவலன், பந்து வரும் இடத்திற்கு எதிராளிக்கு முன்னரே சென்று சேரவேண்டும். அன்றித் தோளாலே முட்டி அவன் நிலையைக் குலைக்கவேண்டும். கோஷ்ட பால் பருத்த தோளும் நெடிய உடலும் வாய்க்கப்பெற்றவர். இடித்துத் தடுப்பார், பந்தைப் பறித்த கையோடு நெடுந்தூரம் உதைத்து அனுப்புவார். அவரைக் கடந்துசெல்ல இயலாதென்று கண்டு அவருக்குச் சீனப் பெருஞ்சுவர் என்று பெயர் வழங்கிற்று. வங்காளியர் அதைத் தம் மொழியிற் சீனேர் பிராசீர் என்பர். நாம் பிராகாரம் என வழங்குவதும் பிராசீரம் என்பதும் மதிலுக்குரிய வடசொற்களே. அப்பெயரை முதலிற் சூட்டியது கல்கத்தாவில் வெளியான ஆங்கிலேயர் பத்திரிகை என்று கூறுவர்.

1921 முதல் ஐந்தாண்டுகள் அவர் மோகன் பகானின் தலைவர். அவர் தலைமையில் அணி வங்கத்துக்கு வெளியே துணிந்து சென்றது. 1923இல் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கிண்ணத்தின் இறுதியாட்டத்தை எட்டி, டேர்ஹம் இலகு காலாட்படையிடம் தோற்றது. அதே ஆண்டு இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்தின் இறுதியாட்டத்தையும் எட்டிற்று. ஆங்கிலேயரின் கல்கத்தாக் கழகத்திடம் தோற்றது. அன்று திடல் சேறாய்க் கிடந்தது என்பர். 1925இல், படைவீரருக்கே உரியதாயிருந்த டியூறாண்ட் கிண்ணப் போட்டியிலும் இடம்பெற்றது. லீக்கிலோ முதலிடத்தின் வாயிலில் நின்றே பன்முறை திரும்பிற்று.

இங்கே வாசகர் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மோகன் பகான் கேடயத்தை முதன்முறை வென்றது 1911இல். மீண்டும் வென்றது 1947இல். லீக்கை முதன்முறை வென்றது 1939இல். கோஷ்ட பால் வந்தது 1911க்குப் பின், ஓய்ந்தது 1935இல். எனவே இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர், தம் நகரத்தின் இருபெரும் முடிகளுள் ஒன்றையேனும் தம் கழகத்துக்காகச் சூடாமலே ஓய்வுபெற்றார். வென்ற பதினொருவரின் பெயர்களை இன்று வரிசையாய்ச் சொல்லக்கூடியோர் சிலரே. வெல்லாத இவர் பெயரை அறியாதார் வங்கத்தில் இலர்.

இது விந்தை என்று பிறர் நினைக்கலாம். வன்னி மண்ணில் வாழ்வோர் நினையார். 1803ஆம் ஆண்டு ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவிலே கப்டன் டிரிபேக்கினாற் தோற்கடிக்கப்பட்டான். அச்செய்தியைப் பொறித்து ஆங்கில ஆட்சியார் அங்கு ஒரு கல் நாட்டினர். தம் வெற்றியைக் குறிக்கவே அவர்கள் அதனை நட்டனர். எங்கள் மக்களோ அதைத் தோற்றவனின் நடுகல்லாகவே கொண்டு வணங்கினர். கல்லிற் பொறித்தது ஒன்று, கண்டோர் படித்தது வேறொன்று. கல்கத்தாவிலும் நிகழ்ந்தது இதுவே. ஆட்டக் கணக்குப் புத்தகங்கள் தோல்விகளை எழுதிவைத்தன. திடலின் ஓரத்தில் மழையில் நனைந்து நின்ற எழுத்தரும் மாணவரும் கூலியாட்களும் வேறு கணக்கு வைத்திருந்தனர். சப்பாத்தும் படையும் சட்டமும் மழையும் ஒருங்கு வந்தபோதும் ஒருவன் பின்வாங்காமல் நின்றான் என்பதே அந்தக் கணக்கு.

அவர் நமக்கு முற்றிலும் அயலாருமல்லர். 1924இல் இந்திய அணியொன்று வெளிநாடு சென்றபோது அதன் தலைவர் கோஷ்ட பால். 1933இல் இலங்கைக்கு வந்த இந்திய அணிக்கும் அவரே தலைவர். இங்கு நம் நாட்டு அணியை ஒன்றுக்குச் சுழியமென்ற கணக்கில் அவர்கள் வென்றனர். அந்த ஒற்றைக் கோலை அடித்தவரைக் காட்டிலும், நம்மவரை ஒரு கோலும் அடிக்கவிடாத பின்னணியினரையே யான் எண்ணிப்பார்க்கிறேன். முப்பத்தாறு முப்பத்தேழு வயதில், ஆட்டக்காரர் பெரும்பாலோர் பார்வையாளராய்விடும் பருவத்தில், அவர் இந்நாட்டுத் திடலில் அணிக்குத் தலைவராய் நின்றார்.

அடுத்த ஆண்டே கல்கத்தாவின் காற்று திசைமாறியது. 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் லீக்கை வென்றது. இந்தியக் கழகமொன்று அவ்வெற்றியைப் பெறுவது அதுவே முதன்முறை. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அக்கழகமே வென்றது. அவர்கள் கண்ட உபாயங்களுள் ஒன்று மிக எளியது: மழை நாளிற் சப்பாத்து அணிந்தனர். வெறுங்காலைப் பெருமையின் சின்னமாய்ப் பற்றியிருந்தோர்க்கு இது கசப்பாயிருந்திருக்கும். ஆயினும் இந்தியர் பலர் வெறுங்காலை உடனே கைவிடவில்லை. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் தாலிமெரன் ஆவ் என்னும் நாகர் இன மருத்துவரின் தலைமையில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய அணியினருட் பலர் சப்பாத்தின்றியே ஆடினர். இரண்டுக்கு ஒன்றென்று தோற்றனர். அந்தத் தலைவரும் தடுப்பாட்டக்காரரே என்பதை இங்கே குறித்தல் தகும்.

கோஷ்ட பாலின் கடைசி ஆட்ட நாட்களைப் பற்றிக் கல்கத்தாவில் வழங்கும் செய்தி ஒன்றுண்டு. 1935இல் கல்கத்தாக் கழகத்தோடு ஆடுகையில் மத்தியஸ்தரின் தீர்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் மோகன் பகானுக்கு எதிராகவே அமைந்தன. அது கண்ட கோஷ்ட பாலும் தோழரும் அவரோடு வாதிடவில்லை, எதிராளியைத் தாக்கவுமில்லை. திடலிலேயே படுத்துவிட்டனராம். காந்தியடிகளின் ஒத்துழையாமை புல்வெளிக்கு வந்து சேர்ந்த காட்சி அது. நின்றே புகழ்பெற்ற மதில் தானாக விரும்பித் தரையிற் சாய்ந்தது அந்த ஒருமுறைதான். அவர் ஆட்ட வாழ்வும் அதனோடு முடிவடைந்தது. இருபது ஆண்டுகள் உள்ளே அடக்கிவைத்த சினம் வெளிப்பட்டபோதும் ஒருவர் எலும்பையும் முறிக்கவில்லை என்பதை, முரட்டு வீரர் கதைகளைச் சுவைத்துப் படிக்கும் என் மாணவர்க்கு யான் அழுத்திச் சொல்வதுண்டு.

பிறந்த ஊர் 1947இல் எல்லைக்கு அப்பாற் போயிற்று. அவர் கல்கத்தாவிலேயே இருந்தார். 1962இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. உதைபந்தாட்ட வீரருள் அவ்விருதைப் பெற்ற முதல்வர் அவரே. விருது விழாவுக்குக் கழுத்து மூடிய சட்டையும் காற்சட்டையும் அணிந்து வரவேண்டும் என்று கேட்டபோது, வேட்டியோடு வரலாமெனின் வருகிறேன், அன்றேல் இல்லை என்று அவர் மறுத்துரைத்ததாகவும், பின்னர் அரசினரே இணங்கியதாகவும் கூறுவர். அவர் குணத்தோடு அது ஒத்துப்போகிறது.

1976ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் எழுபத்தொன்பதாம் வயதில், கோஷ்ட பால் காலமானார். அவர் ஆடிய திடல்கள் சூழ்ந்த கல்கத்தா மைதானத்தின் ஒரு தெரு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. 1998இல் இந்திய அஞ்சல் துறையினர் அவர் உருவம் பொறித்த முத்திரை ஒன்றை வெளியிட்டனர்.